பழுதானது பொறியா, பொறுப்பா?

நாள் குறித்தார்கள். குறித்த நாள் வந்தது. வந்த நாள் போயும் விட்டது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14!

பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சோதிடர் எழுதிக் கொடுத்த நாளல்ல அது. மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்க நிறுவனம், தனது விண்டோஸ் 10 என்ற மென்பொருளுக்குக் குறித்த இறுதி நாள். 2015 ஜூலை 29 அன்று வெளிவந்து, பத்தாண்டுக் காலம் உலகெங்கும் அலுவலகங்களிலும், கல்லூரிகளிலும், பல்கலைக்கழகங்களிலும் மேசைக்கு மேசை வீற்றிருந்த மென்பொருள் அது. அதற்கான ஆதரவை அன்றோடு நிறுத்திக் கொண்டோம் என்று அறிவித்துவிட்டது அந்நிறுவனம்.

இயந்திரம் நின்றுவிடவில்லை. மறுநாள் காலையிலும் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, திரை ஒளிர்ந்தது, எழுத்து வந்தது. பின் நின்றது எது? காவல் நின்றது! மென்பொருளில் ஓட்டைகள் இருக்கும். திருடர்கள் அந்த ஓட்டைகளைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். மாதந்தோறும் அவற்றைக் கண்டறிந்து அடைத்துத் திருத்தம் அனுப்புவது செய்தவன் கடமை. இனி அந்தத் திருத்தம் இலவசமாக வராது. வீடு நிற்கிறது; விளக்கும் எரிகிறது; ஆனால் பூட்டுக்காரன் போய்விட்டான். இதுதான் நிலை.

"பஞ்சாலையிலே நூல் நூற்கும் எனக்கும், பேருந்திலே சீட்டுக் கிழிக்கும் எனக்கும் இதிலே என்ன இருக்கிறது?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. பதில் சொல்கிறோம்.

உங்கள் மகனின் மதிப்பெண் பட்டியல் எங்கே இருக்கிறது? உங்கள் மகளின் உதவித்தொகைக் கணக்கு எங்கே இருக்கிறது? வீட்டிலே முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் பிள்ளை, இரவு பகலாக எழுதிய ஆய்வேடு எங்கே இருக்கிறது? பல்கலைக்கழகத்து எழுத்தர் மேசைமேல் இருக்கும் அந்தப் பெட்டியின் வழியாகத்தான் அத்தனையும் போய்வருகிறது. அந்தப் பெட்டியை வாங்கிய பணம், தீப்பெட்டி முதல் தேயிலைத்தூள் வரை நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கட்டிய வரிப்பணம். பெட்டி உங்களுடையது, உள்ளே இருப்பது உங்கள் பிள்ளையின் எதிர்காலம். ஆகவேதான் இதைப்பற்றி உங்களிடம் பேசுகிறோம்.

பழையது போனால் போகட்டும், புதியதைப் போட்டுக்கொள்ளலாமே என்கிறார்கள். விண்டோஸ் 11 என்பது 2021 அக்டோபர் 5 முதல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதன் வாசலிலே காவற்காரன் நிற்கிறான். "டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உண்டா? உன் மூளை இன்டெல் எட்டாம் தலைமுறையா, அதற்குப் பிந்தியதா? இல்லையென்றால் வெளியே நில்!" என்கிறான். அந்த எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முந்திய ஆண்டிலே வாங்கிய பொறி, உடலிலே தெம்போடு இருந்தாலும், கொடுத்த வேலையைக் குறைவறச் செய்தாலும், பிறந்த ஆண்டைக் கேட்டு வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. பிறப்பைக் கேட்டு வாசலிலே நிறுத்தும் வழக்கம் நமக்குப் புதிதல்லவே!

காரணமே இல்லாமல் இந்தச் சட்டம் போட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தச் சில்லு இரகசியத் திறவுகோல்களைத் தனியே பூட்டி வைக்கிறது; திருடனுக்கு வேலை கடினமாகிறது. அது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான விலையை யார் கொடுப்பது என்ற கேள்வியும் உண்மைதானே! விற்பவன் நாள் குறிக்கிறான். வாங்கியவன் செலவு செய்கிறான். இடையிலே நல்ல பொறிகள் குப்பைக்குப் போகின்றன.

இன்னொரு வழியும் காட்டுகிறார்கள். "பழையதையே வைத்துக்கொள், ஆண்டுதோறும் பணம் கட்டு, ஓட்டை அடைக்கும் திருத்தத்தை மட்டும் அனுப்புகிறோம்." வணிக நிறுவனமானால் ஒரு பொறிக்கு முதலாண்டு 61 டாலர், இரண்டாமாண்டு 122, மூன்றாமாண்டு 244. கல்வி நிலையமானால் முதலாண்டு 1 டாலர், அடுத்து 2, அதற்கடுத்து 4. வணிகனுக்கு மூன்றாண்டுக்கு 427 டாலர். கல்விக்கூடத்துக்கு 7 டாலர்.

"ஆகா, ஏழே டாலர்தானா! கவலை தீர்ந்தது!" என்று துள்ளிக் குதிக்கும் அதிகாரிகளும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள்; தவறில்லை. ஆனால் அது 2028 அக்டோபரோடு முடியும் தவணை. தவணை கிடைத்தவன் கடனை அடைக்க வழி தேடவேண்டுமே தவிர, கடனே தீர்ந்துவிட்டதாக எண்ணிக் குறட்டை விடலாகாது. மூன்றாண்டும் கோப்பு மேசைவிட்டு மேசை நகர்ந்து, மூன்றாமாண்டு முடிவிலே "அவசரம், அவசரம்" என்று டெண்டர் விட்டால், அந்த அவசரத்திலே ஆதாயம் அடைவது யார் என்பதை நாம் சொல்லித்தானா தெரியவேண்டும்!

தூங்கினால் என்ன ஆகும்? கற்பனையாகச் சொல்லவில்லை; நடந்ததைச் சொல்கிறோம்.

2017 மே 12. வான்னாகிரை என்ற நச்சுநிரல் ஒன்று கிளம்பிற்று. நூற்றைம்பது நாடுகள், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள். இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளிலே, நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நாட்கள் ஆயிரக்கணக்கில் இரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டது எப்போது தெரியுமா? மார்ச் 14! ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே! மருந்து அலமாரியிலே இருந்தது. எடுத்துக் கொடுக்க ஆளில்லை. நோய் உள்ளே புகுந்துவிட்டது.

பல்கலைக்கழகத்து உதாரணம் வேண்டுமா? நெதர்லாந்து நாட்டிலே மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம். 2019 அக்டோபர் மாத நடுவிலே, பல்கலைக்கழகத்து மேசைப் பொறியிலே ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பு அழுத்தப்பட்டது. கோடரியால் கதவை உடைத்துக்கொண்டு திருடன் வரவில்லை, கடிதத்திலே ஏறிவந்தான். வந்தவன் உடனே ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மாதம் உள்ளேயே உலவினான். திருத்தம் போடாத சர்வர்கள் சில கண்ணிலே பட்டன. அவற்றின் வழியே முழு அதிகாரத்தையும் கைப்பற்றினான். டிசம்பர் 23. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் கிளம்பும் நேரம். 267 சர்வர்களைப் பூட்டினான். மாற்றுப் பிரதிகள் சிலவும் அதே வலையிலேயே இணைந்திருந்ததால், அவற்றையும் சேர்த்தே பூட்டினான்.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? 30 பிட்காயின் — ஏறத்தாழ இரண்டு இலட்சம் யூரோ — கப்பம் கட்டிற்று! அறிஞர்கள் அமர்ந்திருந்த மன்றம், திருடனிடம் கையேந்தித் திறவுகோல் வாங்கிற்று. கட்டாவிட்டால் மாணவர் தேர்வும், ஆய்வாளர் உழைப்பும், பணியாளர் சம்பளமும் என்னாவது என்ற நெருக்கடி. அவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. நடந்ததை மூடி மறைக்காமல், ஆராய்ச்சி அறிக்கையை 2020 பிப்ரவரியிலே பொதுமக்கள் முன் வைத்தார்களே, அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். கப்பத்திலே ஒரு பகுதியைக் காவல்துறை பின்னர் கண்டுபிடித்து முடக்கிற்று. பிட்காயின் விலை ஏறியதால் 2022இல் அந்தப் பகுதியின் மதிப்பே ஐந்து இலட்சம் யூரோ அளவுக்கு வந்தது. அதை வறுமையில் வாடும் மாணவர்களுக்கான நிதிக்குத் தருவதாகப் பல்கலைக்கழகம் சொன்னது. கதையின் முடிவு நல்ல முடிவு. ஆனால் எல்லாத் திருட்டும் இப்படி முடிவதில்லை!

அவர்கள் கற்ற பாடம் எளிது. திருத்தத்தைத் தள்ளிப்போடாதே. எல்லா அறைக்கும் ஒரே சாவி வைக்காதே. மாற்றுப் பிரதியில் ஒன்றையாவது வலையிலிருந்து கழற்றித் தனியே வை. இந்த மூன்றுக்கும் மந்திரம் வேண்டாம். மனமும் ஆளும் போதும்.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? ஆயுத பூசையன்று கணிப்பொறிக்குச் சந்தனம் பூசுகிறோம், குங்குமம் வைக்கிறோம், திரைக்கு மாலை போடுகிறோம், பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்கிறோம். அறிவியல் கண்ட பொறியை அறியாமையால் அலங்கரிக்கிறோம்! பொட்டு வைத்தால் ஓட்டை அடைபடுமா? சூடம் காட்டினால் நச்சுநிரல் ஓடுமா? பூசை முடிந்து பொரிகடலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் அதிகாரியிடம், "இந்தப் பொறிக்குக் கடைசியாகத் திருத்தம் போட்டது எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் அந்தச் சர்வீஸ் பையன் பார்த்துக்கொள்வான்" என்பார்.

அந்தச் சர்வீஸ் பையன்! அவனிடம் வருவோம்.

பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் உண்டு, பதிவாளர் உண்டு, ஆட்சிக்குழு உண்டு. மாடிக்கும் கீழுக்கும் ஓடி, மேசைக்கடியிலே படுத்து, கம்பியைப் பிடித்து இழுத்து, தூசியைத் துடைத்து, "அச்சு வரவில்லை, திரை வரவில்லை, கோப்பைக் காணவில்லை" என்ற கூக்குரல் அத்தனைக்கும் பதில் சொல்லும் அந்த இளைஞனுக்கு என்ன உண்டு? பல இடங்களிலே தொகுப்பூதியம். ஒப்பந்தக்காரன் பெயரிலே வேலை. இந்த ஆண்டு ஏ.எம்.சி. ஒருவனுக்கு, அடுத்த ஆண்டு இன்னொருவனுக்கு. டெண்டரிலே யார் குறைவாகக் கேட்டாரோ அவருக்கு! எந்த அறையிலே எந்தப் பொறி, எதற்கு என்ன நோய் என்று கற்றுத் தேறியவன், ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு. புதிதாக வந்தவன் அகர முதல் தொடங்கவேண்டும். காவலையே கூலிக்கு மாற்றிக்கொண்டிருக்கும் கோட்டை எப்படிக் காப்பாற்றப்படும்?

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவ வளாகத்தில் 2016இல் ஓர் அறிவிப்பு வந்தது. கணிப்பொறிப் பிரிவின் ஒரு பகுதி வேலையை வெளியாருக்கு விடுவதென்று! ஐந்தாண்டுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம். அதனால் 3 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கு. நிரந்தரப் பணியாளர் 49 பேர் 2017 பிப்ரவரி 28 அன்று வெளியேறினர். போவதற்கு முன்பு, தங்கள் வேலையைச் செய்ய வருபவர்களுக்குத் தாங்களே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தன் இலையைத் தானே எடுத்து, அடுத்தவனுக்கு இலை போட்டுவிட்டு, பசியோடு எழுந்து போவது போல!

ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் எது? எச்.சி.எல்.! நிறுவியவர் தூத்துக்குடி மாவட்டத்துத் தமிழர் சிவ நாடார். இங்கேதான் நம் நெஞ்சு இரண்டு பக்கமும் இழுக்கிறது. தமிழன் தொடங்கிய நிறுவனம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலே ஒப்பந்தம் பெறுகிறது என்று மார்தட்டுவதா? வேலையிழந்த 49 குடும்பங்களுக்காக வருந்துவதா? நாம் சொல்கிறோம்: பெருமைப்படலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பெருமைப்பட வேண்டாம். அந்த வேலை நம் பிள்ளைகளுக்கு வந்தது, செலவு குறையும் என்ற கணக்கினால். நாளை வேறொரு நாட்டிலே, அல்லது வேறொரு இயந்திரத்திலே, இன்னும் செலவு குறையுமானால் அதே கணக்கு நம் பிள்ளைகளையும் வெளியே தள்ளும். சான்பிரான்சிஸ்கோவிலே வேலை இழந்தவனும் தொழிலாளி. சென்னையிலே அந்த வேலையைப் பெறுபவனும் தொழிலாளி. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவிலே நிற்கும் கணக்குப் புத்தகத்தைத்தான் நாம் கேள்வி கேட்கவேண்டும்.

சரி, வழி என்ன? குறை சொல்வது எளிது, வழி சொல்லுங்கள் என்பார்கள். சொல்கிறோம்.

1991இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்திலே படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுதான் லினக்ஸ். எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம், எவருக்கும் கொடுக்கலாம். மாணவன் அறையிலே பிறந்த அந்த மென்பொருள் இன்று உலகத்துச் சர்வர்களைத் தாங்கி நிற்கிறது. விண்டோஸ் 11 வாசலிலே நிறுத்தப்பட்ட பழைய பொறிக்கு லினக்ஸ் வாசல் திறந்தே இருக்கிறது. சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டினால், கிழவன் என்று ஒதுக்கிய பொறி இளைஞனாக எழுந்து நிற்கும். நூலகத்திலும் மாணவர் பயிற்சிக் கூடத்திலும் இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

நடக்குமா என்று கேட்பவர்கள் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கட்டும். கேரளத்திலே 2001இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறித் திட்டம், கட்டற்ற மென்பொருளின் மேலே கட்டப்பட்டுவிட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். மலையாளத்திலே திரை பேசிற்று. பிள்ளைகள் அதிலேயே படித்துத் தேர்வும் எழுதுகிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். ஜெர்மனி நாட்டு மியூனிக் நகராட்சி 2003இல் லினக்சுக்கு மாற முடிவெடுத்தது. 2013க்குள் ஏறத்தாழ 15,000 பொறிகளை மாற்றியது. 2017இல் மீண்டும் விண்டோசுக்கே திரும்பத் தீர்மானித்தது. ஆகவே மென்பொருளை மாற்றிவிட்டால் மட்டும் மோட்சம் கிட்டிவிடாது. பயிற்சி வேண்டும், பழக்கம் வேண்டும், பக்கத்திலே நின்று உதவ ஆள் வேண்டும், ஆட்சி மாறினாலும் மாறாத உறுதி வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தலைகீழாக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. பொருந்தும் இடத்திலே பொருத்துங்கள் என்கிறோம்.

தமிழுக்கென்று தனிக் கவலையும் உண்டு. ஒருங்குறி வருமுன்னர், ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு விசைப்பலகை என்றிருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் கலைஞர் ஆட்சியிலே 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிற்று. தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனால் அதற்கு முன் பழைய எழுத்துருக்களிலே தட்டெழுதிய ஆய்வேடுகள், அகராதிக் குறிப்புகள், வினாத்தாள்கள் இருக்கின்றனவே! பழைய பொறியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் அவசரத்திலே அந்த எழுத்துரு போனால், கோப்பு இருக்கும், தமிழ் இருக்காது! கொக்கியும் கோடுமாக ஏதோ தெரியும். ஓலைச்சுவடியைச் செல்லரிக்க விட்டதற்காக நம் முன்னோரைக் குறை சொல்கிறோம். நாமே நம் கண்முன் கோப்பைச் செல்லரிக்க விடலாமா? பொறியை மாற்றுமுன் கோப்பை ஒருங்குறிக்கு மாற்று என்பது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு முதல் விதியாக வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எத்தனை பொறி, எந்த ஆண்டு வாங்கியது, எந்த மென்பொருள், கடைசித் திருத்தம் எப்போது என்று எழுதி, எல்லாரும் பார்க்க வெளியிடட்டும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண் இருந்தால் மட்டும் போதாது.

இரண்டாவது, பங்கீடு. ஆயிரம் பொறி உள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு சும்மா இருந்துவிட்டு, ஒன்று ஐம்பதாயிரம் ரூபாய் என்று ஒரே ஆண்டில் ஐந்து கோடி கேட்டால் எந்த நிதியமைச்சர் தருவார்? ஆண்டுக்கு இருநூறாக மாற்றினால் ஒரு கோடி; ஐந்தாண்டில் சுற்று முடியும்; எந்தப் பொறியும் ஐந்தாண்டுக்கு மேல் மூப்படையாது. உழவன் வீட்டிலே கூரையைப் பகுதி பகுதியாக வேய்வதில்லையா? அந்த அறிவு போதும்.

மூன்றாவது, ஆள். கணிப்பொறி பராமரிப்போரை நிரந்தரப் பணியாளராக்குங்கள். ஆண்டுதோறும் பயிற்சி கொடுங்கள். வந்த புகாருக்கு எண் கொடுத்து, எத்தனை நாளில் தீர்ந்தது என்று எழுதி வையுங்கள். துணைவேந்தர் அறைப் பொறி ஒரு மணியில் சரியாகும், மாணவர் கூடத்துப் பொறி ஒரு மாதம் கிடக்கும் என்ற மேல் கீழ் முறை ஒழியட்டும்.

நான்காவது, ஒதுக்கிய பொறிக்கு ஒழுங்கு. உழைக்கத் தெம்புள்ளதற்கு லினக்ஸ் ஏற்றிப் பயன்படுத்துங்கள். உண்மையிலேயே செத்ததை, வட்டிலுள்ள மாணவர் விவரங்களை அழித்தபின், சட்டப்படி மின்கழிவு ஏற்போரிடம் கொடுங்கள். எடைக்குப் போட்டால், உள்ளிருக்கும் ஈயமும் நஞ்சும் குப்பை பொறுக்கும் ஏழையின் நுரையீரலுக்குத்தான் போகும்.

இவை பெரும் புரட்சித் திட்டங்களல்ல. பொறுப்புள்ள ஒரு வீட்டுக்காரன் தன் வீட்டுக்குச் செய்வதைத்தான் பல்கலைக்கழகத்துக்குச் செய்யச் சொல்கிறோம். நம் கட்சி ஆண்டாலும் கேட்போம்; மாற்றார் ஆண்டாலும் கேட்போம். கல்விக்கூடத்தின் கதவைத் திறக்கத் தலைமுறை தலைமுறையாகப் போராடியவர்கள் நாம். அந்தக் கதவு வழியாக நம் பிள்ளை உள்ளே போய் உட்காரும்போது, அவன் முன்னே ஓடாத பொறியும், காவலற்ற கோப்பும் இருக்குமானால், கதவைத் திறந்த பயன்தான் என்ன?

தோழர்களே! உங்கள் ஊர்க் கல்லூரிக்குப் போங்கள். பிள்ளையின் பயிற்சிக் கூடத்தை எட்டிப் பாருங்கள். எத்தனை பொறி ஓடுகிறது, எத்தனை பொறி துணி போர்த்திக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். பராமரிக்கும் இளைஞனிடம் சம்பளம் என்ன, வேலை நிலையா என்று கேளுங்கள். எழுதி அனுப்புங்கள், அச்சிடுகிறோம். 2028 அக்டோபர் தொலைவில் இல்லை. அன்று "யாரும் சொல்லவில்லையே" என்று எவரும் சொல்ல முடியாதபடி, இன்றே கேட்டு வைப்போம்!